லாச்சியை முழுதாக வெளியே இழுங்கள்: ஆமிஷ், மெனோனைட் பட்டறைகளில் நல்ல சாமான் வாங்கும் வழி

வட்டக்கச்சியில் என் பட்டறைக்கு வருகிறவர்களில் பலருக்குக் கனடாவில் ஒரு பிள்ளையாவது இருக்கிறது. விசா கையில் கிடைத்ததும் வந்து கதிரையில் இருந்து, "அண்ணை, நீங்கள் கிச்சினரில ஆறு மாதம் நிண்டனீங்கள்தானே. அங்க குதிரை வண்டில்காரர் செய்யிற மரச்சாமான் நல்லதாம். எங்க போய் வாங்கிறது?" என்று கேட்பார்கள். நானும் சொல்லி அனுப்புவேன். போன வருடம் முரசுமோட்டையில் இருந்து வந்த ஒருவருக்கு வழி சொன்னேன், ஊர்ப் பெயர் சொன்னேன், லாச்சியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அவருடைய மகள் ‘ஆமிஷ்’ என்று எழுதி ஒட்டிய ஓர் அலுமாரியைப் பெரிய விலை கொடுத்து வாங்கிப் படம் அனுப்பியிருந்தாள். முகப்பு நல்ல ஓக் மரம். லாச்சியின் அடியோ மெல்லிய மட்டை, ஸ்டேப்பிள் கம்பி அடித்தது. அந்தப் பிள்ளை இரவு வேலை செய்து சேர்த்த காசு அது. இனி ஒருவருக்கும் அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை முழுதாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆட்களை அறிந்துகொள்ளுங்கள். மெனோ சைமன்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1536இல் தன் திருச்சபையை விட்டு வெளியேறினார். ஞானஸ்நானம் வளர்ந்த மனிதர் தானாக விரும்பி எடுக்கவேண்டியது, ஆயுதம் தூக்கக்கூடாது என்று சொன்ன கூட்டத்தோடு சேர்ந்தார். அவர் பெயரால் அழைக்கப்படுகிறவர்கள் மெனோனைட்டுகள். 1693இல் யாக்கோப் அம்மான் என்பவரோடு ஒரு பகுதி பிரிந்து போனது, அவர்கள்தான் ஆமிஷ். வாங்குகிறவருக்கு இதில் ஒரு பயன் உண்டு. மெனோனைட் என்றால் எல்லோரும் குதிரை வண்டில் ஓட்டுகிறவர்கள் இல்லை. பெரும்பாலானவர்கள் நம்மைப் போல் கார், தொலைபேசி, கணினி எல்லாம் வைத்திருக்கிறவர்கள். குதிரை வண்டில் ஓட்டுகிறவர்கள் ‘பழைய ஒழுங்கு’ மெனோனைட்டுகள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1889இல் தனியாகப் பிரிந்தவர்கள். இவர்களைத் தவிர, கறுப்பு நிறக் கார் மட்டும் ஓட்டுகிற ஒரு பிரிவும் இருக்கிறது. ஆகவே ‘மெனோனைட் கடை’ என்ற பெயரை வைத்துக்கொண்டு சாமானைப் பற்றி ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

கிச்சினர் இருக்கிற வாட்டர்லூப் பகுதிக்கு மெனோனைட்டுகள் வந்த கதை எனக்குப் பிடித்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்து மூடிய வண்டில்களில் வந்து, 1805இல் 60,000 ஏக்கர் காட்டை வாங்கி, வெட்டிக் கழனியாக்கினார்கள். அவர்களோடும் பின்னால் வந்த ஜெர்மானியரோடும் வளர்ந்த கிச்சினர் நகரத்துக்கு 1916 வரை பெர்லின் என்றுதான் பெயர். என் அப்பாவும் காடு வெட்டிக் காணி எடுத்த குடியேற்றக்காரர். முதல் நாள் மருமகன் அந்த வயல் வீதிகளால் என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது, காணிக்கு நடுவில் வீடு, வீட்டுக்குப் பின்னால் பட்டறை, முன்னால் மரக்கறித் தோட்டம் என்று பார்க்க, நம் ஊர் இடியாமல் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

சரி, எங்கே தொடங்குவது?

சென் ஜேக்கப்ஸ் சந்தையில். வாட்டர்லூவுக்கு வடக்கே, நகரத்தின் ஓரத்தில் இருக்கிறது. வியாழனும் சனியும் வருடம் முழுக்க உண்டு. 2013இல் அதன் பெரிய கட்டடம் எரிந்துபோனது, திரும்பவும் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே தளபாடம் வாங்கப் போகாதீர்கள், வழி கேட்கப் போங்கள். அங்கே நிற்கிற எல்லோரும் தாங்கள் விளைவித்ததை விற்கிறவர்கள் இல்லை. ஒரு மேசையில் வாழைப்பழமும் அன்னாசியும் இருந்தால் அது மொத்தக் கடையில் எடுத்து விற்கிற மேசை. ஒன்ராறியோவில் வாழை காய்ப்பதில்லை. பருவத்துக்குரிய ஏழெட்டுப் பொருள் மட்டும், அதிலும் கொஞ்சம் கோணல்மாணலாக, கையெழுத்தில் விலை எழுதி வைத்திருக்கிற மேசையைத் தேடுங்கள். அங்கே ஒரு போத்தல் மேப்பிள் பாணி வாங்கிவிட்டு, "சாப்பாட்டு மேசை செய்விக்க வேண்டும், உங்கள் பக்கத்தில் யார் நன்றாகச் செய்வார்?" என்று கேளுங்கள். எங்களுக்கு அப்படித்தான் ஓர் அம்மா ஒரு கடதாசித் துண்டில் வீதியின் பெயரை எழுதிக் கொடுத்தார். நல்ல தச்சன் யார் என்று ஊருக்குத் தெரியும். அது வட்டக்கச்சியிலும் அப்படித்தான், அங்கேயும் அப்படித்தான்.

கடதாசித் துண்டு கிடைக்காவிட்டாலும் போகலாம். எல்மைரா, ஹோக்ஸ்வில், வாலன்ஸ்ரைன், லின்வுட் ஊர்களுக்கு இடையில் உள்ள சின்ன வீதிகளில் மெதுவாகக் காரை விடுங்கள். காணி வாசலில் பலகை நட்டிருப்பார்கள்: தளபாடம், முட்டை, போர்வை, தோல் வேலை. கீழே ‘ஞாயிறு விற்பனை இல்லை’ என்று ஒரு வரி. அந்த வரி இருக்கிற இடத்தில் நீங்கள் செய்கிறவரிடமே வந்துவிட்டீர்கள் என்று ஓரளவு நம்பலாம். ஒன்ராறியோவில் ஆமிஷ் பட்டறைகள் வேண்டுமானால் இன்னும் மேற்கே, மில்பாங்க் பக்கம் போகவேண்டும். வீதியில் குதிரை வண்டில் போனால், பின்னால் முக்கோணப் பலகை தெரியும். ஹோர்ன் அடிக்காதீர்கள், ஒட்டிப் போகாதீர்கள். குதிரை மிரண்டால் வண்டிலில் இருக்கிற குழந்தைதான் விழும்.

பெரிய கடைத்தெருவில் ‘ஆமிஷ் தளபாடம்’ என்று பலகை போட்ட கடைகளும் உண்டு. எல்லாம் பொய் இல்லை. பல கடைகள் பத்துப் பன்னிரண்டு பட்டறைகளிடம் எடுத்து நேர்மையாக விற்கின்றன. ஆனால் அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். அதைக் காக்கச் சட்டம் கிடையாது. அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு காலம் முழுப் பக்க விளம்பரங்கள் வந்தன, ஆமிஷ் கைவேலை என்று சொல்லி மின்சாரக் கணப்படுப்பு விற்றார்கள். சுற்றியிருந்த மரச் சட்டம் ஆமிஷ் பட்டறையில் செய்தது உண்மை. உள்ளே இருந்த சூடாக்கி சீனாவில் இருந்து வந்தது. சொன்னதில் பொய் இல்லை, வாங்கினவர் நினைத்ததுதான் வேறு. இணையத்தில் பார்த்து வாங்குவதானாலும் இதே கவனம் வேண்டும். அந்தப் பக்கங்களை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். ஆமிஷ் மக்கள் தங்களைச் சேராத எல்லோரையும் ‘இங்கிலீஷ்’ என்பார்கள். தமிழர் நாங்களும் அவர்களுக்கு அதில்தான் அடக்கம். அப்படி ஓர் இங்கிலீஷ் வியாபாரியிடம் வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த ஊர்ப் பட்டறை? லாச்சியின் பக்கப் பலகை என்ன மரம்? உடைந்தால் யார் திருத்துவார்? நேர்மையானவர் மூன்றுக்கும் உடனே பதில் சொல்வார். ‘எங்கள் கைவினைஞர்கள்’ என்று இழுத்தால் வெளியே வந்துவிடுங்கள். யோடர், மில்லர், ட்ரோயர், ஸ்ரோல்ஸ்ஃபஸ், மார்ட்டின், பவுமன் என்கிற குடும்பப் பெயர்கள் அந்த மக்களிடையே நிறைய. ஆனால் பெயரைக் கண்டு வாங்கக்கூடாது. சபையை விட்டு வந்தவர்களுக்கும் அதே பெயர்தான்.

இனி லாச்சி.

கடைக்குள் போனதும் அலுமாரியின் முகத்தைப் பார்க்கவேண்டாம். மினுக்கம் எல்லோருக்கும் வரும். லாச்சியைப் பிடித்து முழுதாக வெளியே இழுத்து, கவிழ்த்து, வெளிச்சத்தில் பாருங்கள். முன் பலகையும் பக்கப் பலகையும் சேருகிற மூலையில் புறாவால் மூட்டு இருக்கவேண்டும்: ஒன்றுக்குள் ஒன்று விரல் கோத்த மாதிரி, வால் விரிந்து, இழுத்தால் கழராத மூட்டு. முன் மூலையில் மட்டும் வைத்துவிட்டுப் பின் மூலையில் ஆணி அடிக்கிறவர்களும் உண்டு, ஆகவே நான்கு மூலையையும் பாருங்கள். அடிப்பலகை பக்கப் பலகைகளில் வெட்டிய தவாளிப்புக்குள் சொருகி இருக்கவேண்டும். கீழே இருந்து ஆணியோ ஸ்டேப்பிளோ அடித்திருந்தால் அதை அப்படியே உள்ளே தள்ளிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

புறாவால்கள் எல்லாம் ஒரே அகலமாக இருந்தால் இயந்திரத்தில் வெட்டியது. ஒன்றுக்கொன்று மயிரளவு வித்தியாசம் இருந்தால் கையால் வெட்டியது. இரண்டும் நல்லதுதான். ‘கைவேலை’ என்றால் இயந்திரமே தொடாதது என்று எண்ணி ஏமாறவேண்டாம். மில்பாங்க் பக்கம் நான் போன ஆமிஷ் பட்டறையில் கரண்ட் இல்லை. ஆனால் வெளியே தனிக் கொட்டிலில் ஒரு டீசல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நீண்ட தண்டு ஒன்று பட்டறைக்குள் வந்து, பட்டி போட்டு வாளையும் சீவு இயந்திரத்தையும் சுழற்றியது. சின்ன ஆயுதங்கள் காற்றழுத்தத்தில் ஓடின. எதைப் பாவிக்கலாம், எதை விடவேண்டும் என்கிற அவர்களுடைய விதிகள் ஊருக்கு ஊர், சபைக்குச் சபை மாறும்.

அந்தத் தச்சர் என் வயதுக்காரர். நான் லாச்சியைக் கவிழ்த்து விரலால் தடவியதைக் கண்டதும் வேலையை நிறுத்திவிட்டு வந்தார். அவர்களுக்கு வீட்டு மொழி ஒரு வகை ஜெர்மன். ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படிப்பது. எனக்கும் ஆங்கிலம் கொஞ்சம்தான். மருமகன் நடுவில் நின்று சொன்னான்: "மாமாவும் தச்சர். இவையின்ர ஊரில பொருளாதாரத் தடை நேரம் கரண்ட் இல்லை. சைக்கிள் சில்லை மிதிச்சுத்தான் கட்டில் கால் கடைஞ்சவர்." அவர் அதைத் திரும்பக் கேட்டார். பிறகு என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், தன் தகப்பன் காலத்து மிதி கடைசல் ஒன்றைத் துணி நீக்கிக் காட்டினார். நான் அதில் மிதித்துப் பார்த்தேன். அவர்கள் தாங்களாக வேண்டாம் என்று விட்டதை, எங்களிடம் இருந்து பிறர் நிறுத்தினார்கள். இருந்தும் இரண்டு பேரின் காலும் ஒரே வேலையைப் படித்திருந்தது. மகளின் சாப்பாட்டு மேசையை அவரிடம்தான் செய்வித்தோம்.

மேசையை எப்படிப் பார்ப்பது? அடியில் போய்ப் பாருங்கள். மகள் வெட்கப்பட்டு, "என்னப்பா, கடைக்குள்ள வந்து நிலத்தில படுக்கிறியள்" என்றாள். படுக்கத்தான் வேண்டும். முழு மரம் உயிருள்ளது மாதிரி. ஈரம் கூடினால் அகலும், காய்ந்தால் சுருங்கும். நம் ஊரில் மாரிக்கு இறுகுகிற கதவு சோளகம் வீசத் தொடங்கியதும் தானாக இளகுகிறதல்லவா, அதேதான். கனடாவில் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் சூடு போடுவதால் காற்று காய்ந்துபோகும். மூன்றரை அடி அகல ஓக் மேசை வருடத்துக்குள் கால் அங்குலத்துக்கு மேலும் அசையக்கூடும். நல்ல தச்சன் மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஒட்டமாட்டான். நீளத் துளைக்குள் ஸ்குரூ ஆணி போட்டோ, தவாளிப்புக்குள் நகரும் மரக்கட்டை வைத்தோ, அது அசைய இடம் விடுவான். பசையால் நான்கு பக்கமும் ஒட்டியிருந்தால் இரண்டாம் குளிர்காலத்தில் நடுவால் வெடிக்கும். அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். மேலே மட்டும் பூசிய பலகை வளைய இடமுண்டு. அலுமாரிக் கதவிலும் இதே கதைதான்: நடுப் பலகையைப் பெருவிரலால் மெதுவாகத் தள்ளினால் சட்டத்துக்குள் சற்று அசையவேண்டும்.

முழு மரமா, மேலே ஒட்டிய வினியரா என்று அறிய ஓரத்தைப் பாருங்கள். மேலே ஓடுகிற வரி, வெட்டு முனையில் வளையமாகத் தொடரவேண்டும். மேலே கணு இருந்தால் அதே இடத்துக்குக் கீழேயும் கணு தேடுங்கள். ஓரத்தில் தனியாக ஒரு மெல்லிய பட்டி ஒட்டியிருந்தால் உள்ளே சிப்போட், மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகை.

கதிரை என்றால் கவிழ்த்து, கால்கள் இருக்கைப் பலகைக்குள் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். காலின் முனையில் சீவிய கழுந்து, பலகையில் வெட்டிய பொளிக்குள் இறங்கி, ஆப்பு வைத்திருந்தால் பேரப்பிள்ளை காலம் வரை கிடக்கும். பிறகு அதில் இருந்து பக்கவாட்டில் ஆட்டுங்கள், சத்தம் வரக்கூடாது.

மரத்தைப் பற்றி இரண்டு சொல். ஓக், மேப்பிள், செரி, வால்நட், ஹிக்கரி என்று சொல்வார்கள். முதிரையில் வேலை செய்த கைக்கு இவை எல்லாம் இளக்கமாகத்தான் தெரியும், ஆனால் வீட்டுப் பாவனைக்கு நன்கு தாங்கும். செரி வெளிச்சம் பட்டு வருடாவருடம் கறுத்துச் சிவக்கும். அதில் பூந்தொட்டியை ஒரே இடத்தில் வைத்தால் அச்சு விழும். ஓக்கில் நாற்கூறாக, அதாவது அடிமரத்தை நான்காகப் பிளந்து அறுத்த பலகை கிடைத்தால் அதை எடுங்கள். குறுக்கே வெள்ளி மாதிரி மின்னுகிற பட்டைகள் தெரியும், அசைவும் குறைவு. பைன் மலிவு. நகத்தால் அழுத்தினால் அடையாளம் விழும், பிள்ளைகள் உள்ள வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம்.

விலை பேசாதீர்கள். நான் பார்த்த இடங்களில் சொன்ன விலைதான் விலை, அது நியாயமாகவும் இருந்தது. காசாகக் கொண்டுபோங்கள், பல இடங்களில் அட்டை எடுக்கமாட்டார்கள். முற்பணம் வாங்கிக்கொண்டு கையால் பற்றுச்சீட்டு எழுதித் தருவார்கள், சாமான் வர மாதக்கணக்கில் ஆகும். போகும்போது உங்கள் வீட்டு வாசல் அகலம், படிக்கட்டு வளைவு, அறையின் நீளம் எல்லாம் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தச்சர் மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முதல் மகளிடம் கேட்டது வீட்டு வாசல் எத்தனை அங்குலம் என்றுதான். ஆட்களைப் படம் எடுக்காதீர்கள். அது அவர்கள் விசுவாசத்துக்கு எதிரானது. சாமானைப் படம் எடுக்கலாமா என்று கேட்டு எடுங்கள். ஞாயிறு போகாதீர்கள், பெரிய வெள்ளியும் ஆண்டவர் விண்ணேற்றத் திருநாளும் அப்படியே. தொலைபேசியில் உடனே பிடிக்கலாம் என்று நினைக்கவேண்டாம். ஆமிஷ் ஊர்களில் அது வீட்டுக்குள் இல்லாமல் காணி ஓரத்துக் கொட்டிலில் இருக்கும். செய்தியை விட்டுவிட்டு ஓரிரு நாள் பொறுங்கள்.

கையில் அவ்வளவு காசு இல்லையா? மெனோனைட் மத்திய குழு 1920இல் தொடங்கிய நிவாரண அமைப்பு. கிச்சினரிலும் எல்மைராவிலும் அவர்களுக்குப் பழைய சாமான் கடைகள் உண்டு. ஒரு தலைமுறைக்கு முந்திய முழு மரத் தளபாடம் அங்கே வரும். அரத்தாள் போட்டுத் திரும்ப வார்னிஷ் பூசத் தெரிந்தவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மருமகனின் எழுத்து மேசை அங்கே எடுத்தது. மூன்று சனிக்கிழமை நானும் அவனும் உட்கார்ந்து தேய்த்தோம்.

போர்வைகளைப் பற்றி என் மனைவிதான் சொல்லவேண்டும். அவள் முள்ளியவளையில் தையல் படிப்பித்தவள். துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கிற போர்வை அது. பெரிய சட்டத்தில் விரித்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து பல பெண்கள் தைப்பார்கள். அவள் சொன்ன சோதனை இது: பின்பக்கத்தைத் திருப்பு. கைத் தையல் என்றால் அது நூலோடல், ஒரு தையல் ஓர் இடைவெளி என்று இரண்டு பக்கமும் விட்டு விட்டு வரும். மெஷின் தையல் விடாமல் ஒரே கோடாக ஓடும். பிறகு ஓர் அங்குலத்துக்குள் மேலே தெரியும் தையலை எண்ணு. எட்டோ ஒன்பதோ இருந்தால் தேர்ந்த கை. மூலைகளில் துண்டுகளின் முனை ஒன்றையொன்று சரியாகத் தொடவேண்டும். நல்ல போர்வைகளை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், 1967இல் நியூ ஹம்பர்க்கில் தொடங்கிய மெனோனைட் நிவாரண ஏலம் வசந்த காலத்தில் நடக்கும். சேருகிற பணம் உலகத்தில் கஷ்டப்படுகிறவர்களுக்குப் போகிறது. திகதியையும் இடத்தையும் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

போர்வையில் இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் ஆமிஷ் போர்வை என்று விற்கப்பட்ட பலவற்றில் ஹமொங் பெண்களின் கை இருக்கிறது. லாவோஸில் போர் முடிந்தபின் அகதியாக வந்தவர்கள். ‘பூத்துணி’ என்று பொருள்படும் பெயருள்ள பழைய தையல் கலை அவர்களுடையது. அங்குள்ள கடைகள் அவர்களிடம் வேலை கொடுத்து வாங்கின, பெயர் மட்டும் சொல்லவில்லை. இதைக் கேட்டபோது மனைவி வெகுநேரம் பேசாமல் இருந்தாள். முகாமில் இருந்தபோது அவள் தைத்துக் கொடுத்த மேசை விரிப்புகள் எங்கே யார் பெயரில் விலைப்பட்டன என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே, தைத்தது யார் என்று கேளுங்கள். ஹமொங் பெண் என்று பதில் வந்தால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். தையல் நன்றாக இருந்தால் அந்தப் பெயரோடேயே வாங்குங்கள்.

அமெரிக்காவில் பிள்ளைகள் உள்ளவர்களுக்குச் சுருக்கமாக: தளபாடத்துக்கு ஒஹாயோவின் ஹோம்ஸ் கவுண்டி, அதில் பெர்லின், மவுண்ட் ஹோப், சார்ம் ஊர்கள். இந்தியானாவில் ஷிப்ஷவானா. லங்காஸ்டரில் பெரிய வீதிக் கடைகளைத் தாண்டிப் பக்க வீதிகளுக்குள் போங்கள். அங்கே நவம்பர் மாதச் செவ்வாயும் வியாழனும் கல்யாண நாட்கள், பட்டறை பூட்டியிருக்கக்கூடும். ஒஹாயோப் பக்கம் ஜனவரி 6 பழைய கிறிஸ்மஸ், அன்றும் அப்படியே. சுகர்கிரீக் ஊரில் இருந்து 1890 முதல் வருகிற ‘த பட்ஜெற்’ என்ற வாரப் பத்திரிகை ஒன்று கையில் கிடைத்தால், ஊர்க் கடிதங்களோடு விளம்பரங்களையும் பாருங்கள். அவர்கள் தங்களுக்குள் வாங்கி விற்பது அதில் தெரியும்.

ஒஹாயோவில் கிட்ரன் என்ற ஊரில் லேமன்ஸ் என்று ஒரு வன்பொருள் கடை. ஜே லேமன் என்பவர் 1955இல், கரண்ட் இல்லாத ஆமிஷ் அயலவர்களுக்காகத் தொடங்கியது. கையால் சுற்றுகிற மாவரைக்கும் இயந்திரம், பிழிகட்டை, மண்ணெண்ணெய் விளக்கு, அதற்குத் திரி, சிமினி எல்லாம் அங்கே உண்டு. பெறாமகன் ஒருவன் அந்தக் கடையின் விலைப்புத்தகத்தைக் கொண்டுவந்து தந்தான். விளக்குப் பக்கத்தை நானும் மனைவியும் ஒரு மாலை முழுக்கப் பார்த்தோம். தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வில் திரி போட்டு எரித்தோம். அந்த வெளிச்சத்தில்தான் மகள் சாதாரண தரம் படித்தாள். வன்னியில் காற்றுக்கும் மழைக்கும் இப்போதும் கரண்ட் போகிறது. அங்கிருந்து ஒன்று கொண்டுவருவதானால் நல்ல விளக்கு ஒன்றைக் கொண்டுவாருங்கள், இரண்டு திரியும் சேர்த்து.

கொண்டுவரக்கூடிய இன்னொன்று தோல் பட்டி. குதிரைச் சேணம் தைக்கிற பட்டறையில் கேளுங்கள். சேணத்துக்கு எடுக்கும் அதே தடித்த தோலில் இடுப்புக்குப் பட்டி வெட்டித் தருவார்கள். ஒட்டுத் தோல் இல்லாமல் ஒரே தோலா என்று ஓரத்தைப் பாருங்கள். என்னுடையது ஐந்து மாரி கண்டுவிட்டது. மேப்பிள் பாணி கொண்டுவந்தால் தகரத்தில் அடைத்ததாக எடுங்கள். 40 லீற்றர் மரச்சாறு காய்ச்சினால்தான் 1 லீற்றர் பாணி. திறந்தபின் குளிர்ப்பெட்டியில் வைக்காவிட்டால் நம் வெக்கைக்குப் பூஞ்சணம் பிடித்து அவ்வளவும் வீண். போர்வை இங்கே தேவையில்லை, தளபாடத்தை அங்கேயே விடுங்கள்.

ஏனென்றால் தளபாடத்துக்கு நீங்கள் கிளிநொச்சியை விட்டு எங்கும் போகவேண்டாம். அதே கண்ணோடு ஏ9 வீதிக் கடைகளுக்குள் நுழையுங்கள். லாச்சியை வெளியே இழுங்கள், மேசைக்கு அடியில் படுங்கள், செய்தவர் யார் என்று கேட்டு அவருடைய பட்டறைக்கே போங்கள். சுளகும் நீத்துப்பெட்டியும் வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். பனை நாரால் நெருக்கிக் கட்டியிருந்தால் எடுங்கள், பிளாஸ்ரிக் இழை என்றால் வையுங்கள். முதிரை, பாலை, வேம்பு எதுவானாலும் பலகையை முதலில் வந்து பார்த்துவிட்டு, பிறகு வேலைக்குச் சொல்லுங்கள். நம் காட்டு மரத்துக்குள் போர்க்காலத்துச் செல் துண்டும் சன்னமும் இன்னும் இருக்கின்றன. வெளியே தழும்பு மூடியிருக்கும். அறுக்கும்போது வாளின் பல் போனபிறகுதான் தெரியும். இரும்பைச் சுற்றி மரம் கறுத்துப்போயிருக்கும். அந்தக் கறுப்பு ஓடிய பலகையைக் கட்டில் சட்டத்துக்கோ மேசைக் காலுக்கோ வைக்க விடாதீர்கள், பாரம் தாங்காது. பின்பலகைக்கு வைக்கலாம். நான் அப்படி வைக்கும்போது வாங்குகிறவருக்குக் காட்டித்தான் வைப்பேன். மரம் ஏற்றி வந்த வன இலாகா பெர்மிட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதன் இலக்கத்தை உங்கள் பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.